சுனை வரிசையில் உன் கல்

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஆனையூரில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் உன் காக்கித் துணிப்பை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பை, கடைக்கு ஒரு பை என்று நீ தனித்தனியாக வைத்திருப்பாய். இது மலைக்குப் போகிற பை. உள்ளே ஒரு மடக்குக் குடை, காய்ந்துபோன தண்ணீர் பாட்டில், ரப்பர் பேண்ட் போட்ட பஸ் டிக்கெட் கற்றை, ஒரு கல். "பைய எறியலாம்னுதான் எடுத்தேன் ஆன்ட்டி. உள்ள இந்தக் கல்லு கெடந்துச்சு. அம்மா எதுக்கு வச்சிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். காபி போட்டுக் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்து, பையை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன். அவள் தெருமுனை திரும்பியதும் அந்தக் கல்லைச் சுவரில் எறியத்தான் கை ஓங்கினேன். நீ செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உன்மேல் இப்படி ஒரு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளங்கை அளவுக் கல். செம்பழுப்பு நிறம், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. மாட்டுத்தாவணியில் நத்தம் பஸ் ஏறி, ரோட்டில் இறங்கி, மலையடிவாரத்துக்கு முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற அந்தச் சுனையைச் சுற்றித்தான் இந்த ஜாதிக் கல் கிடக்கும். எத்தனை வருஷம் போயிருக்கிறோம், எனக்கா தெரியாது? அந்த அடிவாரத்து ஊர்ப் பழக்கமும் எனக்குத் தெரியும். கோடையில் சுனை மெதுவாக ஊறும். பாறையிடுக்கில் கசிந்து, கீழே உள்ள குழியில் இரண்டு சிரட்டைத் தண்ணீர் சேர்வதற்குள் ஒரு பாடவேளை முடிந்துவிடும். அதனால் வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் பாறை விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுப் புங்க மர நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கல்தான் ஆள். முறை வந்ததும் தண்ணீர் எடுத்து, ஒரு வாய் குடித்து, தன் கல்லைப் பள்ளத்துப் புதரில் எறிந்துவிட வேண்டும். எறிந்தால் முறை முடிந்தது. ஒருவர் கல்லை இன்னொருவர் தொடக் கூடாது. தொடுவது அடுத்த வீட்டுச் சோற்றுப் பானையில் கை விடுவதற்குச் சமம்.

ஆகவே கல் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால், ஆள் தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு தடவை அல்ல. அந்தக் கல்லின் முனைகள் எல்லாம் மழுங்கி, கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தடவினது மாதிரி இருந்தது. டிக்கெட்டுகளை நான் எண்ணவில்லை. கணக்கு டீச்சர் எண்ணாமல் விட்டது என் ஆயுசில் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் போன் போட்டால் ஜெபக்கூட்டத்தில் இருக்கிறேன் என்பாய். அழகாகப் பொய் சொல்லியிருக்கிறாய். உன் கர்த்தர் மன்னித்திருப்பார். நான் மன்னிக்கவில்லை.

நம்மை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனது உன் கிறுக்குத்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் பாறைகள் பற்றிப் பாடம் நடத்த மாதிரிக் கற்கள் பொறுக்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்தாய். வெயிலில் நடந்து நாக்கு வறண்டு போய்ச் சேர்ந்தால், சுனையில் ஏற்கெனவே இரண்டு கல் வரிசையில் இருந்தது. நான் நேரே குழியில் குனிந்தேன். கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த அழகம்மா, "டீச்சர்களா இருந்தாலும் கல்லு வச்சிட்டு உக்காருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து குடித்த அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி பல்லில் ஏறியது. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "ஊருல எங்க போனாலும் டீச்சர், டீச்சர்னு முன்னால விடுறாங்கடி. இங்க மட்டுந்தான் என்னைய எவளும் முன்னால விடல. அதுக்காகவே நான் வாரேன்." அதற்கப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை நமக்கு அதுதான் வேலை. ஊர்க்காரர்களுக்கு நீ சயின்ஸ் டீச்சர், நான் கணக்கு டீச்சர். பேர் எவருக்கும் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு சித்திரையில் நீ அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து பள்ளி லேபில் பார்த்தாய். குரங்கும் நாயும் வாய் வைக்கிற குழி. கிருமி இருக்கிறது, அந்த ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்கு இதுதான் காரணம் என்றாய். மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று கட்டி, இடுக்கிலிருந்து வருவதை ஒரு குழாய் வழியாகத் தொட்டியில் விட்டால் போதும் என்று படம் வரைந்தாய். பழைய மாணவர் ஒருவர் செலவை ஏற்றார். ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்தார்கள். ஏன் சம்மதித்தார்கள்? டீச்சர்கள் சொல்கிறார்கள் என்று சம்மதித்தார்கள். அழகம்மா மட்டும் தயங்கினாள். தொட்டி எங்க வேணாலும் கட்டுங்க, பாறையில உளி படக் கூடாது, அது வழி தெரிஞ்சு வர்ற தண்ணி என்று சொன்னாள். அதை நான் கிராமத்துப் பேச்சு என்று ஒதுக்கினேன். நீ ஒதுக்கவில்லை. அடுத்த நாளே இடுக்கைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இதற்குள் உளி வரக் கூடாது என்று கொத்தனாரிடம் இரண்டு தடவை சொன்னாய்.

குழாய் வைக்கிற அன்று உனக்குப் பொதுத்தேர்வு மேற்பார்வை. நான் தனியாகப் போனேன். ஊர் சனமெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தது. மத்தியானம் கொத்தனார் வந்து, "டீச்சர், குழாய் உள்ள போக மாட்டேங்குது. ரெண்டு விரக்கட வெட்டுனா ஒக்காந்துரும். அந்த டீச்சர் கோடு போட்டுருக்காக, அதான் பாக்குறேன்" என்றார். மணி மூன்றரை. நாலே காலுக்குப் பஸ். அதை விட்டால் ஒரு மணி நேரம் ரோட்டில் நிற்க வேண்டும். உனக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாய், தேர்வு அறையில் வேறு என்ன செய்வாய். கொத்தனாரிடம் சொன்னேன்: "வெட்டுங்க. அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஒரு பஸ்ஸுக்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. என் கால் வலித்தது, என் புடவை வேர்வையில் ஒட்டியது, நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

மூன்று நாள் தண்ணீர் கொட்டியது. ஊரே குடத்தோடு நின்றது. கல்வெட்டுப் பதித்தார்கள், நன்கொடையாளர் பேருக்குக் கீழே நம் இரண்டு பேர் பேரும். நான் உன்னிடம் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர்தான் வருகிறதே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அடுத்த வாரம் கொட்டுவது சொட்டானது. அதற்கடுத்த வாரம் சொட்டும் நின்றது. மழை பெய்தும் வரவில்லை. தொட்டியும் குழாயும் மூடியும் எல்லாம் சரியாக இருந்தது, தண்ணீரைத் தவிர. நீ வந்து இடுக்கைப் பார்த்தாய். நீ சாக்பீஸ் வட்டம் போட்டிருந்த இடத்துக்குள் உளி போன தடம் பச்சையாகத் தெரிந்தது. யார் வெட்டச் சொன்னது என்று கேட்டாய். குழாய் போகவில்லையாம் என்றேன். நான் கேட்டது அது இல்லையே என்று நீ சொல்லவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாய்.

ஊர் மந்தையில் கூட்டம் போட்டார்கள். கொத்தனார் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். டீச்சர் சொல்லித்தான் வெட்டினேன் என்று போனில் சொல்லிவிட்டு அப்புறம் எடுக்கவே இல்லை. ஊர்ப் பெரியவர் எழுந்து, "எந்த டீச்சர்?" என்று கேட்டார்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அந்த நேரம் பார்த்து நீ எழுந்தாய். "நான்தான்ங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்."

யார் கேட்டது உன்னை? இன்றைக்கும் இதைத்தான் கேட்கிறேன். யார் கேட்டது? இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நானே எழுந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பஸ்ஸில் நான் வாயைத் திறக்குமுன் கையை அமர்த்தினாய். "அடுத்த மாசம் கரஸ்பாண்டென்ட் உன்னைய எச்.எம். ஆக்கப் போறாரு. இந்த நேரத்துல ஊர்ச் சண்டை உன் பேருல வேணாம். எனக்கு இன்னும் மூணு வருஷந்தான். பேசாம இரு." நான் பேசாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? ஆடு தழை தின்கிற மாதிரி வந்தது. எச்.எம். ஆனேன். நீ என் அறைக்கு வந்து எல்லாரையும் போல வணக்கம் மேடம் என்று வாழ்த்தினாய். கிண்டலுக்குத்தான் சொன்னாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு சுனைக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் அழகம்மா மாட்டுத்தாவணிக்குக் கொய்யா கொண்டுவருவாள் அல்லவா, என்னைப் பார்த்தால் கூப்பிடுவாள். நல்ல பழமாகப் பொறுக்கி, மேலே இரண்டு போடுவாள். "நீங்க என்ன செய்வீக டீச்சர், அவுக சொன்னா நீங்க என்ன செய்வீக" என்பாள். நான் அந்தக் கொய்யாவை வாங்கிக்கொண்டு வருவேன். ஸ்டாஃப் ரூமில் உனக்குப் பாதி நறுக்கிக் கொடுப்பேன். "அழகம்மா கொய்யாவா?" என்று கேட்டு, உப்பு மிளகாய்த்தூள் தொட்டு நீ ருசித்துத் தின்பாய். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு நாளும் நீ கேட்டதில்லை. ஒரு நாளும் நான் சொன்னதில்லை. இப்படியும் இரண்டு பொம்பளைகள் சிநேகிதம் வைத்திருந்தோம்.

நேற்றுச் சனிக்கிழமை. உன் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தொட்டிக்குள் பாட்டில் சில்லுகளும் சருகும். கல்வெட்டைப் பார்த்தேன். உன் பேரை யாரோ கல்லால் கொத்தித் தேய்த்திருந்தார்கள். எழுத்தே தெரியவில்லை. பக்கத்தில் என் பேர் பளபளவென்று இருந்தது. என் தகப்பனாரின் முதலெழுத்துகூடச் சிதையவில்லை. எதையாவது எடுத்து என் பேரையும் தேய்த்துவிடலாமா என்று நின்றேன். அதுவும் ஒரு சுலபமான வேலை என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

அப்போது கீழே பேச்சுக்குரல் கேட்டது. தொட்டிக்கு நூறு அடி கீழே, புதர் நடுவில், புதிதாக மிதிபட்ட ஒற்றையடிப் பாதை. போய்ப் பார்த்தால் ஒரு பாறைக்கு அடியில் கைப்பிடி அளவு குழி, அதில் தண்ணீர். விளிம்பில் நாலு கல் வரிசையாக இருந்தது. அழகம்மாவும் நாலு பெண்களும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு டீச்சரா, வாங்க வாங்க என்று அழகம்மா எழுந்தாள். தண்ணி வழி மாறி இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சர் என்றாள். நான் ஒரு கல் பொறுக்கி வரிசையில் வைத்தேன். பையிலிருந்து உன் கல்லை எடுத்து அதற்கடுத்து வைத்தேன்.

அழகம்மா அந்தக் கல்லையே பார்த்தாள். இது சயின்ஸ் டீச்சர் கல்லாச்சே, அவுக வரலையா என்றாள். நீ போய்ச் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அழகம்மா கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

இந்த ஊற்றைக் கண்டுபிடித்ததே நீதானாம். தண்ணீர் சாகாது, வேறு எங்காவது கசியும் என்று ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, மூட்டுவலியோடு புதரெல்லாம் குனிந்து தடவிப் பார்த்தாயாம். ஈரம் கண்ட அன்று ஓடிப்போய் ஊரைக் கூப்பிட்டாயாம். ஊர் வந்தது, தோண்டியது, குடித்தது. உனக்கு நன்றி சொன்னதா? "தண்ணிய அழிச்சவுக தண்ணியக் காட்டுனா சரியாப் போச்சா டீச்சர்? வரக் கூடாதுன்னு நாங்க சொல்லல. தாகத்துக்கு வந்தவுகள அப்பிடிச் சொல்லக் கூடாது. அவுக கல்லையும் தொடல. பின்னால வந்தவுக எல்லாம் அதுக்கு முன்னால கல்லு வச்சோம், அம்புட்டுத்தான். அவுகளும் ஒண்ணும் கேக்கல. சாயங்காலப் பஸ்ஸுக்குக் கல்ல எடுத்துக்கிட்டுப் போயிருவாக. அடுத்த வாரம் அதே கல்லக் கொண்டாந்து வைப்பாக."

எத்தனை வாரம் என்று கேட்டேன். ரெண்டு கோடை என்றாள்.

இரண்டு கோடை. வெயிலில் நடந்து வந்து, நீயே கண்டுபிடித்த தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் குடிக்காமல் போயிருக்கிறாய். பாட்டில் தண்ணீர்கூடக் கொண்டுபோகவில்லை, காலிப் பாட்டிலைக் கொண்டுபோயிருக்கிறாய், இன்றைக்காவது நிரப்பலாம் என்று. என்ன திமிர் உனக்கு! தியாகம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே போடுவேன். அது திமிர்தான். என்னைக் கூப்பிட்டு, வாடி, நீ செய்ததற்கு நீ வந்து உட்கார் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனசில்லை. நான் எழுந்து நிற்க மாட்டேன் என்று முடிவே கட்டிவிட்டாய். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைக்குக்கூட நான் விடையை எழுதிக் கொடுத்ததில்லை. நீ எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய்.

அழகம்மா பேசிவிட்டு ஒரு கொய்யாவை எடுத்து முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள். அதை வாங்கித் தரையில் வைத்தேன்.

"அழகம்மா, சயின்ஸ் டீச்சர் வெட்டச் சொல்லல. அன்னைக்கு அவங்க ஊருக்கே வரல. நான்தான் வெட்டச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னேன்."

ஒரு பெண் சிரட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அழகம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கத்துவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், அப்படி நடந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து பாறைக்குப் போனாள். அத்தனை வருஷத்தில் அந்த ஊரில் எவரும் செய்து நான் பார்க்காத ஒன்றைச் செய்தாள். இன்னொருவர் கல்லைத் தொட்டாள். உன் கல்லை எடுத்து, ஊதித் துடைத்து, வரிசையில் முதலாவதாக வைத்தாள். சிரட்டையில் தண்ணீர் மொண்டாள். "குடிங்க டீச்சர்" என்றாள், நீ எதிரே உட்கார்ந்திருப்பது போலச் சாதாரணமாக. புங்க மரத்து வேரில் அதை ஊற்றினாள். உன் கல்லைப் பள்ளத்தில் எறிந்தாள். அது புதரில் விழுகிற சத்தம் வரை எல்லாரும் காத்திருந்தோம்.

பிறகு அவள் குனிந்து தனக்கொரு கல் பொறுக்கினாள். அவள் முறை ஏற்கெனவே முடிந்திருந்தது. அந்தக் கல்லை என் கல்லுக்கு முன்னால் வைத்தாள். மற்றப் பெண்களும் தங்கள் முறை முடிய முடிய ஒவ்வொருவராக எழுந்து வந்து இன்னொரு கல் வைத்தார்கள். அதற்கப்புறம் ஊரிலிருந்து குடத்தோடு வந்தவர்களும் வைத்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொன்ன மாதிரி தெரியவில்லை, ஆனாலும் வைத்தார்கள். தரையில் இருந்த கொய்யாவை அழகம்மா எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நான் வெயில் இறங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாக்கு வறண்டு உதடு வெடித்தது. நாலே காலுக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன் சத்தம் ரோட்டுப் பக்கமிருந்து கேட்டது. எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் கல்லை எடுத்தேன். அது இப்போது இந்த மேஜையில், இந்தக் காகிதத்தின் மேல்தான் இருக்கிறது. இன்னும் முனை மழுங்காத, கையைக் கீறுகிற கல். உன்மேல் கோபம் குறையவில்லை, குறையும் என்றும் தோன்றவில்லை. உன் காக்கிப் பையை உன் மகளிடம் திருப்பிக் கொடுக்க மாட்டேன். வருகிற சனிக்கிழமை எனக்கு அது வேண்டும்.